ஓடு கழற்றும் நண்டு

ஒசாகாவில் விளையாட்டு அட்டைகள் விற்கும் கடையில் அட்டைப் போட்டியின் இறுதி ஆட்டம். மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. கனேமோரியின் கடைசிக் காவல் ஒரு நண்டு அட்டை. அது விழுந்தால் தோல்வி. "இது என்ன செய்யும்?" என்கிறாள் எதிரே இருக்கும் மினாகோ. அதிலுள்ள பொடி எழுத்து அவளுக்கு நேராகத் தெரியும்படி கனேமோரி அட்டையைத் திருப்பி வைக்கிறார். "அடிச்சா சாகாதுங்க, ஓட்டைக் கழட்டிட்டுத் தப்பிச்சிடும். ஆனா என் முறை வர்ற வரைக்கும் உடம்பு மெத்துமெத்துன்னு இருக்கும். அப்ப கொசு கடிச்சாலே போதும்." கேட்டால் பாதியை விழுங்கிக்கொண்டு பதில் சொல்ல இந்த மனிதருக்கு வராது. அவள் தன் டிராகன் அட்டையால் அடிக்கிறாள், நண்டின் ஓடு கழல்கிறது. தன்னிடம் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிட்டுக்குருவி அட்டையை மெல்ல முன்னே நகர்த்துகிறாள். கனேமோரி தோல்வியை ஏற்றுத் தலை குனிந்து வணங்குகிறார். "கொசு போதும்னேன், குருவியையே அனுப்பிட்டீங்களே!" சிரிக்கிறார். நண்டு இன்னும் அவள் பக்கமே திரும்பியிருக்கிறது.