வழக்குப் போட்டவர்

"கடவுள் பேரைச் சொன்னா எவனுக்கு எரியுதோ, அவன் இந்த ஊர்ல எப்படிக் குடியிருக்கான்னு பார்த்துடறேன்!"

மேயர் டுவேன் ஹேக்கெட் மேஜையை ஓங்கித் தட்டினார்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நாலாயிரம் பேர் உள்ள சின்ன ஊர் அது. நகரசபைக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கக் கூடாது என்று யாரோ பெயரை மறைத்து வழக்குப் போட்டிருந்தார்கள்.

"யாரோ என்ன யாரோ? மருந்துக்கடை ஃபெல்ட்மன்தான்" என்றாள் செயலாளர் கிளெண்டா. "ஊர்ல அவர் ஒருத்தர்தானே யூதர்?"

எல்லோரும் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு மாதமாக ஃபெல்ட்மன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நேற்று கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. ஹேக்கெட் அதைக் கண்டிக்கவில்லை.

கதவு திறந்தது. பாஸ்டர் லிண்ட்குவிஸ்ட். பதினோரு வருஷமாகக் கூட்டத்தில் ஜெபம் செய்பவர் அவர்தான்.

"வாங்க பாஸ்டர்! உங்க வாயை அடைக்கப் பார்க்கிறான் அந்த ஃபெல்ட்மன். விட்டுடுவோமா?"

"அவர் மேல பழி போடாதீங்க மேயர். வழக்குப் போட்டது நான்."

ஹேக்கெட் சிரித்தார். பாஸ்டர் சிரிக்கவில்லை.

"நீங்களா?"

"பேரை மறைச்சது என் கோழைத்தனம். கல் விழுந்த பிறகும் மறைச்சா நான் மனுஷனே இல்லை. இப்பதான் ஃபெல்ட்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

"ஜெபம் பண்ற நீங்களே அது வேண்டாம்னு கோர்ட்டுக்குப் போனீங்களா? புத்தி கெட்டுப் போச்சா பாஸ்டர்?"

பாஸ்டர் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். ஜனவரிக் கூட்டத்துக்கு அவர் எழுதி, மேயரின் பார்வைக்கு முன்கூட்டியே அனுப்பிய ஜெபம். நடுவில் ஒரு வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஹேக்கெட்டின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'இது வேண்டாம். அன்னிக்குத்தான் வீடில்லாதவங்க விடுதியை மூட ஓட்டெடுப்பு.'

"நீங்க சொன்னபடி அந்த வரியை விட்டுட்டுத்தான் அன்னிக்கு ஜெபம் பண்ணினேன்" என்றார் பாஸ்டர். "அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை."

ஹேக்கெட்டுக்குத் தாளைத் தொடவே கை கூசியது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிந்தன:

"ஆண்டவரே, இந்தக் குளிரில் ஒதுங்க இடமில்லாதவர்களுக்கு எங்கள் கதவைச் சாத்திவிடாதபடி எங்கள் மேல் இரங்கும்."