முதலில் கண்டது யார்?

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டெழுதிக் கொடுக்கும் ஒரு யுனிக்ஸ் ஷெல் மென்பொருளில் இருந்த பிழையைப் பிரியந்தினி கண்டுபிடித்தது செவ்வாய்க்கிழமை. கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தால், அழிக்கச் சொல்லும் கட்டளை பக்கத்துக் கோப்புறையையும் சேர்த்து விழுங்கியது. ஒரு கோப்புறைக்கு "உச்சமுனை படங்கள்" என்று பெயர் வைத்துச் சோதித்துப் பார்த்தாள்.

பிழையை முதலில் அறிவிப்பவருக்கு ஷெல்லைப் பராமரிக்கும் குழுவில் சம்பளத்தோடு இடம். எத்தாளை அலுவலகத்தில் அவளோடு வேலை செய்யும் கிரிசாந்துக்கு மட்டும் காட்டினாள்.

"கலக்கிப்போட்டாய் பிரியா! வேலை உனக்குத்தான்" என்றவன், சிலாபம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அறிக்கை எழுதக் குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். அறிக்கை ஏற்கெனவே அங்கே இருந்தது. கிரிசாந்தின் பெயரில். உதாரணம், "உச்சமுனை படங்கள்". திகதி மட்டும் திங்கட்கிழமை. அவள் கண்டுபிடிப்பதற்கு முதல் நாள்.

"தனியாகவா கண்டுபிடித்தீர்கள்?" என்று யாரோ கேட்டிருந்தார்கள்.

"ஓம், தனியாக" என்று கிரிசாந்தின் பதில்.

உடனே அவனுக்குக் கோல் எடுத்தாள். போனில் பஸ் இரைந்தது.

"உன்ரை பேரிலை நேற்றே அறிக்கை போட்டிருக்கு. எனக்கு இப்பிடிச் செய்வியோடா?"

"விசரே உனக்கு? நேற்று எனக்கு இந்தப் பிழையே தெரியாது. பஸ்ஸிலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அதே நேரம் திரையில், கிரிசாந்தின் பெயரில், புது வரி ஒன்று வந்து விழுந்தது.

"அவளுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்து அம்மா மேல் சத்தியம் பண்ணுவேன்."

பிரியந்தினி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"பிரியா," என்றான் அவன், "அம்மாவாணை..."