அப்பா உட்காரும் இடம்

வாசலில் முதல் வெடி வெடித்தபோது அவள் அப்பாவின் வாயில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

கை நின்றுவிட்டது. இன்னும் ஒரு பிடி பாக்கி.

பொரி எங்கே?

அப்பாவின் நாய் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. விளக்குக் கம்பத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். பாடைக்குக் குறுக்கே நாய் வந்துவிடக் கூடாதாம். பதின்மூன்று வயதுக் கிழம், ஒரு கண் மங்கிப் போனது, கம்பத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிற்றைச் சாண் நீளமாக்கிக்கொண்டு நின்றது.

அதன் காலடியிலிருந்து தெருமுனை வரை சிவப்பாகச் சரவெடி விரித்திருந்தது.

பத்தாயிரம் வாலா.

எந்தப் புண்ணியவான் அந்தக் கம்பத்தைத் தேடிப் பிடித்தானோ.

வெடித்தது ஒற்றை வெடிதான். சரத்துக்கு இன்னும் யாரும் தீ வைக்கவில்லை.

போன தீபாவளிக்கே டாக்டர் சொல்லிவிட்டார். பொரிக்கு இதயம் வீங்கியிருக்கிறது, இன்னொரு தடவை இப்படி மிரண்டால் தாங்காது. மாத்திரையும் கொடுத்திருந்தார். வெடிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் காலையிலிருந்து மூன்று தடவை அண்ணனிடம் கேட்டாள். வெடி உண்டா, இல்லையா? மூன்று தடவையும் பூபாலன் போனைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாம்" என்றான். பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் வெடிப் பெட்டி பந்தலுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

அப்பா அதே தீபாவளியன்று எல்லார் எதிரிலும் சொன்னார். பாத்ரூமிலிருந்து நனைந்த வேட்டியோடு, பொரியை இடுக்கிக்கொண்டு வெளியே வந்து சொன்னார். "நான் போனா ஒரு ஊசி வெடிகூடப் போடக் கூடாது. இவனால தாங்க முடியாது."

அதிரசத்தைக் கடித்துக்கொண்டே தலையாட்டினான் பூபாலன். அந்தத் தலையைத்தான் இன்றைக்குக் காலையில் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

இப்போது கேட்டால் பதில் தயாராக இருந்தது.

"வெடி இல்லாம எடுத்தா அநாதப் பொணம்னு பேசுவாங்க. எழுபத்தொம்பது வயசு. கல்யாணச் சாவு."

பேசுவது யார்? நாலு பேர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் எட்டிப் பார்க்காத அதே நாலு பேர்.

அவள் கையிலிருந்த அரிசியைத் தட்டில் போட்டாள்.

"ஏம்மா, மூணாவது பிடி" என்றாள் அத்தை.

அவள் திரும்பவில்லை.

கம்பத்தில் கயிற்று முடிச்சு இறுகிப் போயிருந்தது. கழுத்துப் பட்டையைத் தலை வழியாகக் கழற்றினாள். தூக்கியதும் பொரி அவள் மேலேயே மூத்திரம் போனது. பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பொத்திக்கொள்ளட்டும்.

பாத்ரூம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்பாவின் லுங்கி தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாட்டியது. யாரும் துவைக்கவில்லை. நல்ல வேளை.

மூன்றாக மடித்து நாயின் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மூச்சு முட்டாமல், இரண்டு விரல் போகும்படி. குழாயைத் திறந்து காலி வாளியில் விட்டாள். வெளிச்சத்தம் கொஞ்சம் அமுங்கியது. ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அதை மடியில் இழுத்துக்கொண்டாள்.

எல்லாம் அவர் செய்கிற மாதிரி.

அடுத்தது பேப்பர் படிக்க வேண்டும். அவர் பழைய பேப்பரை எடுத்துச் சத்தமாகப் படிப்பார். மழை நிலவரம், வரி விளம்பரம், எதுவானாலும். நாய்க்குக் குரல்தான் கணக்கு என்பார். பன்னிரண்டு தீபாவளி இப்படித்தான் போனது. தீபாவளிக்கு மாமா பாத்ரூமில் குடியிருக்கிறார் என்று அண்ணி சொல்ல, வீடே சிரிக்கும்.

அவளும் சிரித்திருக்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. பூபாலன்.

"உனக்காக எல்லாரும் காத்திருக்காங்க. அப்பாவ விட்டுட்டு நாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

"வெடி வெடிச்சா அப்பா எங்க இருப்பாருன்னு உனக்குத் தெரியாதா?"

வாளி பாதி நிறைகிற நேரம் வரை அவன் அங்கேயே நின்றான்.

பிறகு காலடிச் சத்தம் போனது.

நிறுத்தச் சொல்லத்தான் போகிறான் என்று நினைத்தாள். அவளுக்குப் புத்தி இல்லை.

பத்தாயிரமும் ஒரே நேரத்தில் வெடித்த மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளங்கைக்கு அடியில் பொரியின் இதயம் தறிகெட்டு ஓடியது.

பேப்பர். பேப்பர் எங்கே?

அலமாரியில் இல்லை. அப்பா படுத்த நாளிலிருந்தே பேப்பர் வாங்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த நோட்டீஸ்தான் இருந்தது. கண்ணீர் அஞ்சலி. காலையில் பூபாலன் கொடுத்தது. இதுவரை அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்தாள். அப்பாவின் படம் தீப்பெட்டி அளவு. வட்டச் செயலாளர் அதைவிடப் பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவரை விட்டுவிட்டு அவள் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.

"க. தனகோட்டி."

வெடிச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் தொடங்கினாள். தோற்றம். மறைவு. பாசத்தின் சிகரமே. வெடிக்கு மேலே கத்திப் படித்தாள். லுங்கியின் முடிச்சில் மூக்கைப் புதைத்துக்கொண்டது பொரி. பாடை நகர்கிற மேளச் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை.

இவ்வண்ணம் வருந்தும் மகன். மருமகள். மகள். பேரன்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள். நண்பர்கள் பெயரையும் படித்தாள்.

மேளம் தெருமுனையில் திரும்பியது.

உள்ளங்கைக்கு அடியில் ஓட்டம் கொஞ்சம் தணிந்திருந்தது.

நோட்டீஸ் முடிந்துவிட்டது. அச்சில் இல்லாத பொரியின் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.