முப்பத்தொரு புள்ளிகள்

அவள் மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்று.

எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை கூட்டினாள்.

அதே முப்பத்தொன்று. எண்ணுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கும். கிடந்து அல்லாடுவது இவள்தானே.

கீழே உள்ளரங்கில் பந்து தரையில் அடிபடும் சத்தம். அவள் கணவன் ஆல்வின் அங்கேதான் பயிற்சியில் இருந்தான். முகில்வாணனும் இருந்தான்.

அடுத்த சீசனுக்குக் கூடைப்பந்து அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம். இந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான். அணிக்கு ஆட்டக் கணக்கு எழுதுகிறவள் அவள். ஐந்து மணிக்குள் அந்தப் பட்டியலை அனுப்ப வேண்டும். மேனேஜர் வரதன் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பார். முடிவை அவரே போனில் சொல்லிவிடுவார்.

மணி நாலு இருபது.

ஒருவன் களத்தில் நிற்கும் நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழித்தால் வருவதுதான் அவன் எண். கூடினால் பிளஸ். குறைந்தால் மைனஸ். எத்தனை கூடை போட்டான் என்பதை இது கேட்காது. அவன் நின்றதால் அணிக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கும்.

பதினேழு ஆட்டங்களையும் வீடியோவில் நொடி நொடியாகப் பார்த்து அவள்தான் பதிந்தாள். ஆல்வின், பிளஸ் ஒன்பது. முகில்வாணன், மைனஸ் பத்தொன்பது.

இதோடு விட்டிருக்கலாம். போன வாரம் மாடிப்படியில் முகில்வாணன் கேட்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பாள்.

"அக்கா, நான் உள்ள போனாலே மைனஸ் விழுது. என்ன தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பாள். பாவி, திருத்திக்கொள்கிறேன் என்றல்லவா சொன்னான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்று காலையில் வீடியோவை முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். மூன்றாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆல்வின் ஃபவுல் செய்வான். விசில் ஊதும். கடிகாரம் நிற்கும். கோச் கத்திக்கொண்டே அவனை வெளியே கூப்பிட்டு முகில்வாணனை உள்ளே அனுப்புவார். அதற்கப்புறம்தான் எதிரணிக்காரன் நிதானமாக வந்து, யாரும் தடுக்காமல் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டுப் புள்ளி எடுப்பான்.

நின்றுபோன கடிகாரத்தில் எல்லாம் ஒரே நொடி. ஆள் மாறியதை முதலில் எழுதினாள். புள்ளியைப் பிறகு எழுதினாள். கண்ணில் பட்ட வரிசையில் எழுதிக்கொண்டே போனாள்.

ஃபவுல் விழுந்தபோது எவன் நின்றானோ அவன் பேரில்தான் அந்தப் புள்ளி போக வேண்டும். இந்த வேலையில் அரிச்சுவடி இது.

ஆல்வின் செய்த ஃபவுலுக்கெல்லாம் அப்போதுதான் காலை உள்ளே வைத்தவன் மைனஸ் வாங்கியிருக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சீசன் முழுக்க முப்பத்தொரு புள்ளி.

திருத்தினாள். முகில்வாணன், பிளஸ் பன்னிரண்டு.

ஆல்வின், மைனஸ் இருபத்திரண்டு.

சே என்று பழையபடி மாற்றினாள். மனசு கேட்கவில்லை. மறுபடி திருத்தினாள்.

நாலு நாற்பது.

ஆல்வினுக்கு முப்பத்துமூன்று வயது. வலது முழங்காலில் கட்டுப் போடாமல் அவனால் ஓட முடியாது. இந்த அணி விட்டால் வேறெந்த அணியும் கூப்பிடாது. பந்தை விட்டால் அவனுக்கு என்ன தெரியும்? காலையில் எழுந்து எங்கே போவான்?

தண்ணீர் குடித்தாள். மின்விசிறியைக் கூட்டினாள். குறைத்தாள்.

யாருக்குத் தெரியப் போகிறது? பதினேழு வீடியோவையும் உட்கார்ந்து பார்க்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது? ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியுமே. சனியன், அதுதானே தொல்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். திருத்தியதைத்தான்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கட்டின புருஷனை இந்தக் கையால்தானே வெளியே தள்ளினாள். என்ன சொல்வது? தப்பு என்னுடையது, நான் ஒழுங்காகப் பதிந்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும், உங்களை ஏமாற்றி ஆசை காட்டிவிட்டேன் என்றா? அறைக்குள் நடந்தபடியே சொல்லிப் பார்த்தாள். காலில் விழுந்தாலும் தகும் என்று தோன்றியது.

படியில் காலடி கேட்டது.

ஆல்வின் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அனுப்பிட்டியா கிளாடி?"

தலையை ஆட்டினாள்.

அவன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். காலை நீட்டினான். சிரித்தான்.

"அப்பாடா! அந்த ஃப்ரீ த்ரோ விஷயத்த எங்க நோண்டிருவியோன்னு ஒரு வாரமா பயந்துக்கிட்டே இருந்தேன். நாலாவது மேட்ச்லயே எனக்குத் தெரியும். உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருக்க மாட்டல்ல, அதான் சொல்லல."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

நாலாவது ஆட்டம். அதற்கப்புறம் பதின்மூன்று ஆட்டங்கள். ஒவ்வொன்று முடிந்த பிறகும் முகில்வாணனின் தோளில் கை போட்டு, விடுடா, அடுத்த மேட்ச் பாத்துக்கலாம் என்று சொன்னவன் இவன்தான். அவளே வீடியோவில் பார்த்திருக்கிறாள். பார்த்து, என் புருஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பூரித்தும் போயிருக்கிறாள்.

"என்ன அப்படிப் பாக்குற? வா, போய் ஒரு டீ குடிக்கலாம்."

அவன் போன் அடித்தது. எடுத்து, திரையைப் பார்த்து, அவளுக்கும் காட்டினான். வரதன் சார்.

சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். போனில் அது தெரியவா போகிறது.

"எடுங்க," என்றாள் அவள்.