யார் ஜெயிக்கணும்?

காட்டிலேயே பெரிய குஸ்திக் கம்பெனி நரியுடையது. அதில் கரடிக்கு ஏழு வருஷமாக ஒரே வேலைதான். நரி வாலை ஆட்டியதும் சிறுத்தையிடம் தோற்று விழ வேண்டும். தேனுக்கும் கிழங்குக்கும் குறைவில்லை.

ஒருநாள் கரடி தயங்கித் தயங்கிக் கேட்டது. "அண்ணே, ஒரே ஒருநாள் நிஜமாவே மோதிப் பாக்கட்டுமா? தோத்தாலும் பரவாயில்ல."

"எதுக்குப்பா? உன்னை மாதிரி அழகா விழறதுக்கு இந்தக் காட்டுல ஆளே கிடையாதே!" என்றது நரி.

அந்தப் பாராட்டைக் கேட்ட கரடி அன்றைய தேனைத் தொடவே இல்லை. அன்று சாயங்காலமே ஆற்றைக் கடந்து போய்விட்டது.

அக்கரையில் ஒரு கழுதை சின்னதாகக் குஸ்தி நடத்திவந்தது. பார்க்க வந்திருந்தவை நாலே முயல்கள். கரடி அதில் சேர்ந்து களத்தில் இறங்கியது. எதிரே காட்டுப்பன்றி தொடையைத் தட்டிக்கொண்டு நின்றது.

கரடி பழக்கதோஷத்தில் கழுதையிடம் கேட்டது. "இன்னிக்கு யார் ஜெயிக்கணும்?"

கழுதை விழித்தது. "அது எனக்கெப்படித் தெரியும்? மோதினாத்தானே தெரியும்!"

கரடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்றைக்கும் அது தோற்றுத்தான் போனது. பன்றி போட்ட போட்டில் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்று, "பன்றி வந்தாச்சா?" என்று கேட்டது.