கட்டு என்றால் பத்து

"பதினாலு டீச்சர்" என்றாள் வாண்டு.

மேசைமேல் இருந்தவை ஐஸ்குச்சிகள். ஒரு கட்டு, மூன்று உதிரி. பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு கட்டு. அதோடு மூன்று சேர்ந்தால் பதின்மூன்று. ஒன்றாம் வகுப்பு ஒரு வாரமாகப் பாட்டாகப் பாடிக்கொண்டிருக்கும் கணக்கு.

கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்க இடமில்லாமல், பாடத்தைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார், மடியில் குறிப்பேட்டோடு. டீச்சருக்கு இது மூன்றாம் வருடத் தற்காலிக வேலை. இந்த ஒரு பாடம் ஒழுங்காக நடந்தால் நிரந்தரம். சொதப்பினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இத்தனை பிள்ளைகள் இருக்க இந்த வாண்டுதானா வாயைத் திறக்க வேண்டும்? எதைக் கண்டாலும் விரல் நீட்டி எண்ணாமல் விடாத பிறவி. மாடிப்படி, சட்டைப் பித்தான், டீச்சரின் நரைமுடி, எதையும் அவள் பாக்கி வைத்ததில்லை.

டீச்சர் சிரித்து மழுப்பினாள். "கட்டுன்னா பத்து கண்ணு. அதைத் திரும்ப எண்ணக் கூடாது. எண்ணாம இருக்கத்தானே கட்டி வச்சிருக்கோம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

வாண்டு எழுந்து மேசைக்கே வந்துவிட்டாள். குனிந்து, கட்டின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"பதினாலுதான் டீச்சர்."

கடைசி பெஞ்சில் பேனா நின்றது.

டீச்சர் சட்டென்று கட்டை எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மறு கையால் வாண்டுவின் தோளைப் பிடித்து வகுப்பைப் பார்க்கத் திருப்பினாள். பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று மூன்று முறை சொல்ல வைத்தாள். மூன்றாவது முறை குழந்தையின் உதடு மட்டும்தான் அசைந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். பேனா மறுபடியும் ஓடியது. போகும்போது அதிகாரி, அடம்பிடிக்கும் குழந்தையை அதட்டாமல் வழிக்குக் கொண்டுவந்த விதம் அருமை என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்கள்.

டீச்சர் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பதினொன்று. இரண்டு குச்சிகள் பழைய பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கிடந்தன.

எண்ணிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. வாண்டு நுனிகளைத் தொட்டபோதே அந்த இரட்டையை டீச்சர் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் கையை மூடினாள்.

'அட, டீச்சர் தப்பா எண்ணிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதிகாரியும் சிரித்திருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கு வக்கில்லாமல் ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் பொய்யைத் திணித்திருந்தாள்.

வாண்டுவைக் கூப்பிட்டாள். பதினொரு குச்சிகளையும் மேசைமேல் தனித்தனியாகப் பரப்பி வைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"எண்ணு கண்ணு. இப்ப எண்ணிச் சொல்லு."

வாண்டு விரலை நீட்டவில்லை. குச்சிகள் பக்கம் திரும்பவும் இல்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனைன்னு சொல்லணும் டீச்சர்?"