நாரையின் நனைந்த இறகு

ஏரிக்குள் நின்ற கருவேல மரத்தில் ஒரு நாரை இரண்டு குஞ்சுகளோடு குடியிருந்தது. விடிந்ததும் மீனுக்குப் பறந்துவிடும். இறகைக் கோதி, வாலடியில் சுரக்கும் எண்ணெயைப் பூசிக்கொள்ள அது உட்கார்ந்ததே இல்லை.

பக்கத்து மரத்துக் கொக்கு தினமும் பாறையில் அமர்ந்து இறகு கோதும்.

"உனக்கென்னம்மா, நேரம் இருக்கு. நான் பிள்ளைக்காரி" என்று சொல்லிவிட்டு நாரை போய்விடும். கொக்கு கோதிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் கரையில் இரை தேடும்போது மழை கொட்டியது. எண்ணெய் படாத இறகெல்லாம் ஊறிக் கனத்துவிட, நாரையால் எழும்ப முடியவில்லை. குஞ்சுகள் பசியில் கத்துவதைச் சேற்றில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் இறகு காய்ந்து கூடு திரும்பியபோது குஞ்சுகள் வயிறு நிறைந்து படுத்திருந்தன.

"கொக்கு அத்தை மீன் கொண்டுவந்தாங்கம்மா" என்றது பெரிய குஞ்சு. "அவங்க பிள்ளைங்க நாலு பேருக்கும் ஊட்டிட்டு வந்தாங்களாம்."

"நாலு பேரா?"

இத்தனை நாளில் நாரை அதை விசாரித்ததே இல்லை.

மறுநாள் காலை அது பாறைக்குப் போனது. கொக்கு நகர்ந்து இடம் விட்டது. நாரை பக்கத்தில் உட்கார்ந்தது. தலையை இறகுக்குள் புதைத்துக் கோதத் தொடங்கியது. கோதி முடித்த பிறகும் வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.